இறக்கை முளைக்கும் இடம்

சென்ற ஆவணியில் நீலகிரியின் தேவாலாவிலுள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆனியிலும் ஆடியிலும் விடாமல் பெய்த மழை ஓய்ந்து, முற்றத்தில் பாய் விரிக்கும் அளவுக்கு வெயில் விழுந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் அன்றைக்கு ஒரே வேலைதான். பீரோவில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துக் காயவைப்பார்கள். அடித்தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் இருந்த புத்தகங்களை நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கனமான ஒன்றை இழுத்தபோது, ஆறு ஆண்டுகளுக்கு முன் அக்கா மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த டிராகன் ஓவிய நூல் அது என்று அட்டையைப் பார்த்ததும் தெரிந்தது. அட்டை முழுவதும் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. துடைத்துவிட்டுத் திறந்தேன்; திறக்க வரவில்லை. பக்கங்கள் பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டிருந்தன. வழவழப்பான ஓவியத் தாளின் மேல் இருக்கும் பூச்சு ஈரத்தில் இளகிக் காயும்போது அடுத்த தாளைப் பற்றிக்கொள்ளும். வலிந்து பிரித்தால் படத்தோடு உரிந்து வரும். அடிக்கடி புரட்டப்படும் புத்தகத்துக்கு இந்த நிலை எளிதில் வராது. ஆகவே, கையில் எடுத்த கணத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஏறக்குறைய நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் புத்தகம் தானாகத் திறந்துகொண்டது. எதிரெதிரான அந்த இரண்டு பக்கங்களில் வண்ண ஓவியம் எதுவும் இல்லை. முந்தைய பக்கத்து ஓவியத்துக்காக அதன் ஓவியர் போட்டுப் பார்த்த பென்சில் கோட்டுருவங்கள் ஆறு, தீப்பெட்டி அளவிலும் உள்ளங்கை அளவிலுமாக அங்கே ஒழுங்கில்லாமல் கிடந்தன. தோள்பட்டை ஒன்றை மூன்று தடவை வரைந்திருந்தார். அவற்றுள் ஒன்றைக் குறுக்கே அடித்துவிட்டிருந்தார். வலப்பக்கத்தின் கீழ்மூலை, கரித்தூள் படிந்த விரல்கள் பலமுறை பட்டதால் சாம்பல் நிறமாகியிருந்தது. இருநூற்றுச் சொச்சம் பக்கங்களில் அவள் உண்மையில் பயன்படுத்தியவை இந்த இரண்டுதான். புத்தகத்தை வெயிலில் விரித்து வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனேன். ஆனால் சாம்பல் படிந்த அந்த மூலை அன்று முழுவதும் கண்ணை விட்டு அகலவில்லை.

அந்த நூலை வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இலங்கையிலிருந்து திரும்பி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே எங்களை வளர்த்தவர் என் அம்மா. அந்த வீட்டுப் பேத்தி ஓவியம் படிக்கப் போகிறாள் என்பதை எப்படிக் கொண்டாடுவது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே டிராகன் என்றால் உயிர் என்பது மட்டும் தெரியும். அந்த ஆண்டு போனஸில் பாதியை எடுத்துக்கொண்டு உதகைக்குப் போய், சேரிங் கிராஸ் பக்கத்தில் ஒரு கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரியதும் மிகப் பளபளப்பானதுமான நூலை வாங்கினேன். அது கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்தது. பிரித்துக் காட்டச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். தூளை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்க்காமலும், வடித்து வாயில் வைத்துப் பார்க்காமலும் யாரும் ஒரு கிலோவுக்குக்கூட விலை சொல்ல மாட்டார்கள் என்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படியிருந்தும் அந்தப் புத்தகத்தை அட்டையை வைத்தே வாங்கினேன். அவள் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, "ரொம்ப அழகா இருக்கு மாமா" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆறு உறுப்புகள்

அவளுடைய டிராகன் பற்று ஒரு சாமி படத்திலிருந்து தொடங்கியது. தேவாலாவில் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த மலையாளக் குடும்பத்தார் எடத்துவாத் திருவிழாவுக்குப் போய்வரும்போது புனித ஜார்ஜியார் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெள்ளைக் குதிரையில் அமர்ந்து ஈட்டியால் குத்தும் புனிதரையும், குதிரையின் காலடியில் வாயைப் பிளந்து கிடக்கும் பச்சை நிற உயிரையும் அக்கா கூடத்துச் சுவரில் மாட்டிவைத்தாள். பழைய தமிழ் விவிலியத்தில் இதற்கு 'வலுசர்ப்பம்' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. ஆறு வயதில் அவள் ஸ்லேட்டில் வரைந்து பழகியது அந்த வலுசர்ப்பத்தைத்தான். புனிதரை அவள் ஒருமுறைகூட வரையவில்லை என்பதில் அக்காவுக்குச் சற்று மனக்குறை உண்டு.

ஒருநாள் படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு ஏறி நின்றுகொண்டு, புனிதரையும் குதிரையையும் கையால் மறைத்தபடி அவள் என்னிடம் கேட்டாள்: "ஆட்டுக்கு நாலு காலு. கோழிக்கு ரெண்டு காலு, ரெண்டு றெக்கை. அதுவும் நாலுதான். இதுக்கு மட்டும் எப்படி மாமா ஆறு?" எனக்கு விடை தெரியவில்லை. அது கற்பனை உயிர், அதனால் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் நாற்காலியிலிருந்து இறங்கிய விதத்தில், அந்த விடையை அவள் ஏற்கவில்லை என்பது தெரிந்தது. அதற்குப் பின் அந்தக் கேள்வியை நான் மறந்தே போனேன். பூஞ்சை பிடித்த புத்தகத்தில் மூன்று தடவை வரையப்பட்ட தோள்பட்டையைப் பார்த்த பிறகுதான் அது திரும்ப வந்தது. ஏனென்றால் அந்தப் பென்சில் கோடுகள் ஆராய்ந்தது அதே இடத்தைத்தான்: முன்னங்கால் தொடங்கும் தோளுக்குப் பின்னால் இறக்கை எந்த எலும்பிலிருந்து முளைக்கிறது, அதை அசைக்கும் தசை எங்கே போய்ப் பிடித்திருக்கிறது என்பதை.

கோழியின் இறக்கை அதன் கைதான். வௌவாலின் இறக்கையும் கைதான். நீண்ட விரல்களுக்கு நடுவே தோல் விரிந்திருக்கிறது. ஐரோப்பிய ஓவியங்களில் டிராகனுக்கு வைக்கும் இறக்கை பெரும்பாலும் வௌவாலின் இறக்கையே. அப்படியானால் நான்கு காலும் இரண்டு இறக்கையும் உள்ள உயிருக்கு இரண்டு சோடித் தோள்கள் வேண்டும். ஒரே நெஞ்சுக்கூட்டில் இரண்டு சோடித் தோள்களைப் பொருத்துவது எப்படி என்பது, வரைகிறவர் ஒவ்வொரு முறையும் தீர்க்க வேண்டிய சிக்கல். பார்க்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. நெருப்பும் புகையும் மின்னலும் கண்ணை நிறைத்துவிடுகின்றன.

இப்போது அவள் படிப்பை முடித்து, கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கிப் பாடநூல்களுக்கும் சிறுவர் இதழ்களுக்கும் படம் வரைகிறாள். தேவாலாவிலிருந்து திரும்பிய அன்று மாலையே அவளிடம் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். ஒட்டிப்போன பக்கங்களைச் சொன்னதும் அவள் முகம் வாடியது. மாமாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். பிறகு சொன்னாள்: "மத்த பக்கத்துல எல்லாம் அவருக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு மாமா. அங்க எனக்கு வேலை இல்ல. அந்த ரெண்டு பக்கத்துலதான் அவரும் யோசிச்சுக்கிட்டு இருக்காரு." அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று. ஆறு ஆண்டுகளாக அவளிடம் இருந்தது நான் பார்த்து மகிழ்வதற்கு ஏற்ற புத்தகம் என்பதும், அவள் வேலை செய்வதற்கு அதில் இரண்டு பக்கங்களே இருந்தன என்பதும் என்னை உறுத்தின.

மறுபடியும் கடையில்

அந்த மாதமே அவளுக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. மலைத் தோட்டம் ஒன்றில் வந்து ஒளிந்துகொள்ளும் டிராகனைப் பற்றிய சிறுவர் கதை நூல் ஒன்றுக்கு முழுவதும் படம் வரைந்து தரும்படி கேட்டிருந்தார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரவேண்டிய நூல். அட்டையில் அவள் பெயர் இடம்பெறப்போவது இதுவே முதல் முறை. கார்த்திகையில் அவளுக்குப் பிறந்தநாள். இன்னொரு டிராகன் ஓவிய நூல் வாங்கிக் கொடுப்பது என்றும், இந்தத் தடவை பிரித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

உதகையிலும் கோயம்புத்தூரிலும் சேர்த்து நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். கிடைத்தவற்றில் பாதி, டிராகன் வரைவது எப்படி என்று முட்டையும் வட்டமும் போட்டுக் கற்றுத்தரும் நூல்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அவற்றை மகிழ்ச்சியோடு வாங்கித் தருவேன்; நான்கு ஆண்டுகள் கல்லூரியில் உடலமைப்பு வரைந்தவளுக்கு அவற்றைக் கொடுப்பது அவளுடைய உழைப்பைக் கவனிக்கவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். திரைப்படங்களுக்காகவும் கணினி விளையாட்டுகளுக்காகவும் வரைந்தவற்றைத் தொகுத்த நூல்கள் மேலானவை. அவற்றில் முன்வரைவுகள் இருக்கின்றன. ஆனால் ஒருவர் உருவாக்கிய ஒரே டிராகனை நூறு கோணங்களில் பார்த்துப் பழகிய கை, பிறகு அதையே வரையத் தொடங்கிவிடும் என்ற அச்சம் எனக்கு ஏற்பட்டது. அவள் வரைய வேண்டியது, நீலகிரியின் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கிய டிராகன்.

ஒரு கடையில் விலை மலிவான நூல் ஒன்றைக் காட்டினார்கள். படங்கள் கண்ணைப் பறித்தன. முதல் பக்கத்தில் ஓவியர் பெயரைத் தேடினேன், எங்கும் இல்லை. பிறகு நகங்களை எண்ணினேன். ஒரே உயிருக்கு முன்காலில் நான்கும் பின்காலில் ஆறும் இருந்தன. அடுத்த பக்கத்தில் மூன்றாகிவிட்டன. கணினியே உருவாக்கிய படங்களை அடுக்கிக் கட்டிய நூல் அது என்று எனக்குப் பட்டது. சீனத்தில் மிங், சிங் அரசர்களின் காலத்தில் ஐந்து நகமுள்ள டிராகன் பேரரசருக்கு உரியதாக இருந்தது. ஜப்பானிய ஓவியர்கள் பெரும்பாலும் மூன்று நகங்களே வரைந்தார்கள். அங்கே நகத்தின் எண்ணிக்கையைப் பார்த்தே அது யாருடைய டிராகன் என்று சொல்லலாம். அந்த எண்ணிக்கையில் அக்கறை காட்டாத நூலை ஓவியர் ஒருவரின் மேசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அருங்காட்சியக ஓவியங்களைத் தொகுத்த நூல்களைப் பார்த்தபோதுதான் நான் தேடுவதை நெருங்குவதாகத் தோன்றியது. ஏறத்தாழ 1470இல் இத்தாலிய ஓவியர் பாவ்லோ உச்செல்லோ வரைந்த புனித ஜார்ஜியார் ஓவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதில் உள்ள டிராகனுக்கு இரண்டே கால்கள். இரண்டு இறக்கைகள், அவற்றில் வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோல வட்ட வட்டப் புள்ளிகள். கோழிக் கணக்கின்படி நான்குதான் வருகிறது. ஆறு வயதுப் பிள்ளையின் கேள்வியை ஐநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சரியாகத் தீர்த்து வைத்திருக்கிறார் என்று எண்ணி, கடையிலேயே நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே நூலில் லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் எழுதிய அறிவுரை ஒன்றும் இருந்தது. கற்பனை விலங்கு இயல்பாகத் தோன்ற வேண்டுமானால், ஒரு டிராகனுக்கு நாயின் தலையையும், பூனையின் கண்களையும், முள்ளம்பன்றியின் காதுகளையும், வேட்டைநாயின் மூக்கையும், சிங்கத்தின் புருவத்தையும், கிழச்சேவலின் நெற்றிப்பொட்டையும், நீராமையின் கழுத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஹான் காலத்துச் சீன அறிஞர் வாங் ஃபூ சொன்னதாக வழங்கும் ஒன்பது ஒப்புமைகளும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன: மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பேயின் கண், பாம்பின் கழுத்து, சிப்பியின் வயிறு, கெண்டையின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம், பசுவின் காது. வெகு தொலைவில் இருந்த இரண்டு நாகரிகங்கள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருப்பது வியப்பளித்தது. ஆனால் என் கவலைக்கு இரண்டு பட்டியல்களுமே மருந்தாகவில்லை. லியனார்டோவின் பட்டியல் கழுத்தோடு நின்றுவிடுகிறது. வாங் ஃபூவின் பட்டியலில் இறக்கையே இல்லை.

நம்மிடமும் இந்தக் கலை உண்டு. யானையின் துதிக்கையும் சிங்கத்தின் உடலும் கொண்ட யாளியை அறியாத தமிழர் இல்லை. அதைவிட அருமையான ஒன்றை அவள் கல்லூரி நாட்களில் சைக்கிளில் போய்ப் போய் வரைந்திருக்கிறாள். கும்பகோணத்துக்கு அருகே தாராசுரம் கோயிலில் உள்ள ரிஷபகுஞ்சரம் அது. காளையும் யானையும் எதிரெதிரே நிற்க, இரண்டுக்கும் ஒரே தலை. காளையின் உடலை மறைத்தால் யானை. யானையின் உடலை மறைத்தால் காளை. காளையின் தலை எந்தக் கோட்டில் யானையின் தலையாகிறது என்பதைச் சிற்பி முடிவு செய்திருக்கிறார், அந்த முடிவில் பிசிறே இல்லை. சின்ன வயதில் சாமி படத்தைக் கையால் மறைத்த அதே பிள்ளை, கல்லுக்கு முன் நின்று மறுபடியும் கையால் மறைத்துப் பார்த்திருப்பாள் என்று நினைத்தபோது, அவள் எதைத் தேடுகிறாள் என்பது எனக்கு இன்னும் தெளிவாயிற்று. பொருத்தப்பட்ட இடத்தைத்தான் அவள் எப்போதும் தேடியிருக்கிறாள். உச்செல்லோவின் படம் இருந்த நூலை வாங்கிவிடலாம் என்று அன்றைக்குக் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டு, பணம் போதாமையால் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லித் திரும்பினேன். அந்த ஒரு மாத இடைவெளி நல்லதாகப் போயிற்று.

வழிக்கடவுப் பாக்குத் தோட்டம்

புரட்டாசிக் கடைசியில் இருவருமாகத் தேவாலாவுக்குப் போயிருந்தோம். அக்கா வீட்டுக்காரருக்கு நாடுகாணிச் சுரத்துக்குக் கீழே, கேரளத்து வழிக்கடவில் ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய வீட்டு விசேஷம் ஒன்றுக்கு எல்லோரும் கிளம்பினோம். மேலே குளிர், நாடுகாணியைத் தாண்டி இறங்க இறங்கச் சட்டைக்குள் வியர்க்கத் தொடங்கும். சாப்பாட்டுக்கு நேரம் இருந்ததால், காலை பத்து மணி வெயிலில் வீட்டுக்குப் பின்னாலிருந்த பாக்குத் தோட்டத்தில் உலாவினோம். அவள்தான் முதலில் பார்த்தாள். ஒரு பாக்கு மரத்தில், மரப்பட்டையின் நிறத்திலேயே, ஒரு சாண் நீளத்தில் ஓணான் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழிருந்து எலுமிச்சை மஞ்சளில் ஒரு சிறு கொடியை நீட்டியது, மடக்கியது, மறுபடி நீட்டியது. அடுத்த நொடி மரத்தை விட்டுப் பாய்ந்தது. உடலின் இரண்டு பக்கத்திலும் விசிறிபோல இறக்கை விரிய, தோட்டத்தின் குறுக்கே வழுக்கிச் சென்று, எதிரே ஏழெட்டு மரம் தள்ளி ஒன்றின் அடிப்பகுதியில் அமர்ந்தது. அமர்ந்ததும் இறக்கை இருந்த இடம் தெரியவில்லை. நான்கு கால்களாலும் ஏறத் தொடங்கியது.

தோட்டக்காரருக்கு அது அன்றாடக் காட்சி. எறும்பு தின்ன வரும் என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்த்தார். அவள் மட்டும் அசையவில்லை. "நாலு காலும் இருக்கு மாமா, றெக்கையும் இருக்கு" என்று மெல்லச் சொன்னாள். ஆறு வயதில் கேட்டது அவளுக்கும் நினைவிருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அந்த ஓணானின் இறக்கை கை அன்று; விலா எலும்புகள். நெஞ்சுக்கூட்டின் சில எலும்புகள் உடலுக்கு வெளியே நீண்டு, அவற்றுக்கு நடுவே தோல் விரிந்திருக்கிறது. குடையை மடக்குவதுபோல அவற்றை உடலோடு ஒட்டி மடித்துக்கொள்கிறது. இரண்டாவது சோடித் தோள் அதற்குத் தேவையே இல்லை. 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு வைத்த பெயர் 'டிராக்கோ', அதாவது டிராகன். மேற்குத்தொடர்ச்சி மலைக்கு உரிய இனம் டிராக்கோ டுசுமியேரி. எங்கள் மலைக்குக் கீழே, அக்கா வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் அது பாக்கு மரம் ஏறிக்கொண்டிருக்க, நான் கோயம்புத்தூர்க் கடைகளில் அதைத் தேடியிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை அவள் வரைந்துகொண்டிருந்தாள். அது இன்னும் நான்கு முறை பாய்ந்தது. ஒவ்வொரு முறையும் அவள் ஒரே இடத்தில் திணறினாள். "பாயுறப்ப கையைக் காணோம் மாமா. மரத்துல இருக்கு, எறங்குனதும் இருக்கு, நடுவுல எங்க போகுதுன்னு தெரியல" என்றாள். நானும் பார்த்தேன், எனக்கு இறக்கையே சரியாகப் பிடிபடவில்லை. கோத்தகிரிக்குத் திரும்பிய பிறகு அதைப் பற்றித் தேடியபோது, 2017இல் வெளியாகி யாரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவைக்கப்பட்டிருக்கும் ஓர் ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. மேற்குத்தொடர்ச்சி மலையில் இதே இனத்தைப் படம்பிடித்து ஆராய்ந்தவர் எழுதியது. பாய்ந்த உடனே அந்த ஓணான் தன் முன்கைகளைப் பின்னால் வளைத்து இறக்கையின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது என்றும், அந்தப் பிடியாலேயே திசையைத் திருப்புகிறது என்றும், மரத்தில் இறங்குவதற்குச் சற்று முன் கையை விட்டுவிடுகிறது என்றும் அதில் இருந்தது. காணாமல் போன கை இறக்கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் கண் பார்த்தது சரி. படங்கள் இருந்த பக்கங்களை மறுநாளே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

மேகத்துக்குள் இருப்பவை

இதற்குப் பிறகு உச்செல்லோ இருந்த நூலை வாங்க எனக்கு விருப்பம் குறைந்துவிட்டது. இறக்கை முளைக்கும் இடத்தை அவளுக்குப் பாக்குத் தோட்டம் காட்டிவிட்டது. இனி எந்த ஓவியரும் அதைவிட நன்றாகக் காட்ட முடியாது. அப்படியானால் நான் கொடுக்கும் நூல் ஓணானால் கற்றுத்தர முடியாத ஒன்றைத் தர வேண்டும். வாங் ஃபூவின் பட்டியலில் இறக்கை இல்லாதது அப்போது நினைவுக்கு வந்தது. இறக்கை இல்லாமலேயே ஈராயிரம் ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருக்கும் டிராகன்கள் இருக்கின்றனவே, அவை எப்படிப் பறக்கின்றன என்று தேடத் தொடங்கினேன்.

தேடல் 1244இல் சீன ஓவியர் சென் ரோங் வரைந்த 'ஒன்பது டிராகன்கள்' என்னும் நீள்சுருள் ஓவியத்தில் வந்து நின்றது. தென் சொங் அரசில் தேர்வெழுதி அதிகாரியாக இருந்தவர் அவர். குடித்துவிட்டு உரக்கக் கூவி, தொப்பியை மையில் தோய்த்துத் தாளில் தேய்ப்பார் என்றும், பிறகே தூரிகையை எடுத்து முடிப்பார் என்றும் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. சுமார் 46 சென்டிமீட்டர் உயரமும் பத்து மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள அந்த ஓவியம் 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருமையும் அதன் சாயல்களுமே பெரும்பாலும். பாறையைப் பற்றிக்கொண்டு ஒன்று, நகங்களுக்குள் முத்தை இறுக்கிக்கொண்டு ஒன்று, சுழலும் நீருக்குள் ஒன்று என்று போகிறது. எதையும் முழு உடலாக அவர் காட்டிவிடுவதில்லை. ஒரு வளைவு தெரியும், மேகம் மூடும். நாலு விரற்கடை தள்ளி ஒரு நகம் வெளியே வரும். நடுவில் இருக்கும் உடலைப் பார்க்கிறவரே வரைந்துகொள்ள வேண்டும். கார்த்திகையில் கோத்தகிரியில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. எதிர்ச்சரிவில் சில்வர் ஓக் மரங்களின் அடிப்பகுதி மட்டும் நிற்கும், மேலே ஒன்றும் இருக்காது. அடுத்த நிமிடம் உச்சிகள் மட்டும் மிதக்கும். அவள் வரையப்போகும் டிராகன் இறங்க வேண்டியது இந்த மூடுபனிக்குள். எதைக் காட்டாமல் விடுவது என்பதை அவளோடு உட்கார்ந்து யோசிக்க, எழுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு துணை கிடைத்ததுபோல் எனக்குத் தோன்றியது.

சென்னையிலுள்ள நண்பர் ஒருவர் மூலம் அதன் அச்சுப் பிரதி கிடைத்தது. பாதி அளவுக்குக் குறைத்து, மடிப்பு மடிப்பாக விரியும்படி செய்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வந்த அன்றே பிரித்துப் பார்த்தேன். முதலில் தாளைத் தடவினேன். வழவழப்புப் பூச்சு இல்லாத, விரலுக்குச் சொரசொரப்பான தாள். ஈரம் வந்தாலும் ஒட்டிக்கொள்ளாது. சுருளை நடுவில் வெட்டிப் பக்கம் பக்கமாகக் கட்டியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். பக்கங்கள் சேரும் பள்ளத்தில் ஒரு டிராகனின் கழுத்து முறிந்துபோயிருக்கும். விளக்கவுரை ஒரே தாளில் தனியாக இருந்தது. பூச்சி வராமலிருக்க, அம்மா துணிகளுக்குள் வைப்பதுபோல, பெட்டியின் ஓரத்தில் ஒரு துண்டு வசம்பை மெல்லிய துணியில் முடிந்து வைத்தேன். ஆய்வுக் கட்டுரையின் அச்சுப் பக்கங்களை அடியில் வைத்து மூடினேன்.

பிறந்தநாளன்று மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. அவளுடைய அறையில் கட்டிலை நகர்த்திவிட்டுத் தரையில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் மடிப்புகளைப் பிரித்துக்கொண்டே போனோம். அறை போதவில்லை. கதவைத் திறந்து, கடைசி இரண்டு டிராகன்களைத் திண்ணைவரை நீட்டினோம். அவள் முட்டி போட்டபடி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல நகர்ந்தாள். ஒன்றும் பேசவில்லை, அழகாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. முத்தைப் பிடித்திருக்கும் டிராகன் இருந்த இடத்தில் நின்றாள். வழக்கம்போல உள்ளங்கையால் சுற்றியுள்ள மேகத்தை மறைத்து, அந்த நகங்களை மட்டும் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பாக்குத் தோட்டத்தில் வரைந்த நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் அடியிலிருந்த அச்சுப் பக்கங்களை அப்போதுதான் எடுத்துக் கொடுத்தேன். கை இறக்கையைப் பிடித்திருக்கும் படத்தைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து, நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது தலை நிமிராமலே கேட்டாள்: "வழிக்கடவுக்கு மறுபடி ஒரு தடவை போகலாமா மாமா? எறங்குறதுக்கு எவ்வளவு முன்னாடி கையை விடுதுன்னு பாக்கணும்."